பேச்சிச்செல்வி வாங்காத கேடயம்

ஜெஸ்டின் வந்து கேட்பதற்கு முன்பு பேச்சிச்செல்வி இரண்டு படங்களில் தலைகாட்டியிருந்தாள். அதை நடிப்பு என்று சொல்ல அவளுக்கே கூச்சம். ஒன்றில் திருநங்கையாக வந்து கதாநாயகனின் காரை மறித்துக் கை தட்ட வேண்டும். இன்னொன்றில் நகைச்சுவை நடிகர் அவளைப் பார்த்து அலறியடித்துக்கொண்டு ஓடுவார். அந்த இரண்டாவது படத்தைத் தோழிகளோடு தியேட்டரில் போய்ப் பார்த்தாள். அவள் முகம் திரையில் வந்ததும் அரங்கம் மொத்தமும் சிரித்தது. முன்வரிசையில் தற்செயலாகத் திரும்பிய ஒருவன், இவளை அடையாளம் கண்டு, பக்கத்தில் இருந்தவனின் தொடையில் தட்டிக் காட்டினான். இடைவேளை வரை அவளால் உட்கார முடியவில்லை. எழுந்து வந்துவிட்டாள். இனிமேல் கேமரா இருக்கும் பக்கம் போவதில்லை என்று அன்றைக்கு முடிவு செய்தாள்.

அவளுக்குத் தொழிலுக்குப் பஞ்சமில்லை. விளாத்திகுளத்து வீட்டைவிட்டு இந்தத் துறைமுக ஊருக்கு வந்த புதிதில் ஓட்டத் தொடங்கிய தையல் மிஷின், இப்போது பிரையண்ட் நகரில் சொந்தக் கடையாகியிருந்தது. கல்யாண ப்ளவுஸ் என்றால் பேச்சியிடம்தான் என்று பெண்கள் தேடி வந்தார்கள். முகூர்த்த நாட்களில் மண்டபத்துக்கே போய் மணப்பெண்ணுக்குச் சேலை கட்டிவிடுவாள்.

அப்படி ஒரு மண்டபத்தில்தான் ஜெஸ்டின் அவளைப் பார்த்தான். புன்னைக்காயல்காரன். கல்யாண வீடியோ எடுப்பது பிழைப்பு. சினிமா எடுப்பது ஆசை. ஒரு மத்தியானம் தோளில் கேமரா பையோடு கடைக்கு வந்து நின்றான்.

“அன்னைக்கு அந்தக் கல்யாணப் பொண்ணு அழுதிட்டு இருந்தாள்லாக்கா? எல்லாரும் ஆளாளுக்கு என்னமோ சொன்னாங்க. நீங்க ஒண்ணுமே சொல்லல. மடிப்பைச் சரிபண்ணிட்டு, கொஞ்ச நேரம் அவ பக்கத்துல சும்மா நின்னீங்க. அந்த மொகம் என் படத்துக்கு வேணும்.”

பேச்சி மிஷினை நிறுத்தவில்லை. “கை தட்டணுமாலே?”

“இல்லக்கா.”

“என்னையப் பாத்து எவனாச்சும் ஓடுவானா?”

“ஓட மாட்டான். உங்களைப் பாத்து ஒருத்தன் வருவான்.”

அப்போதுதான் மிஷின் நின்றது.

கதையைச் சொன்னான். துறைமுக கேட்டுக்கு வெளியே தகரக்கொட்டகை போட்டுச் சாப்பாட்டுக் கடை நடத்துகிறாள் அமலி. கப்பல்களைத் துறைக்குள் இழுத்துவரும் டக் படகில் வேலை பார்க்கும் ஒருவன் தினமும் அங்கே சாப்பிட வருகிறான். அவளைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறான். அவ்வளவுதான் கதை. பேச்சி கேட்டாள், “இந்த அமலி யாரு? திருநங்கையா, பொம்பளையா?”

“அமலி சாப்பாட்டுக் கடைக்காரிக்கா” என்றான் ஜெஸ்டின்.

அந்தப் பதிலுக்காகவே அவள் ஒத்துக்கொண்டாள்.

கல்யாண சீசன் ஓய்ந்த நாட்களில் படப்பிடிப்பு நடந்தது. உப்பு லாரிகள் போய்வரும் சாலையோரத்தில் உண்மையான ஒரு சாப்பாட்டுக் கடையையே கேட்டு வாங்கியிருந்தார்கள். பணமும் இல்லை, ஆளும் இல்லை. கேமரா ஜெஸ்டின். மைக் பிடித்தது பெனிஸ்டன். பெனிஸ்டன் நாசரேத்துப் பையன், ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் வேலை, நல்ல உயரம். இருவரும் ஒரே வாடகை வீட்டில் இருந்தார்கள். வெயிலில் ஒருவனுக்கு மற்றவன் தண்ணீர் பாட்டிலை நீட்டுகிற விதத்திலேயே பேச்சிக்கு விஷயம் புரிந்துவிட்டது. அவளாகக் கேட்கவில்லை. தாங்கள் ஜோடி என்று கடைசி நாளன்று ஜெஸ்டினே சொன்னான்.

“வீட்டுக்குத் தெரியுமாலே?”

“அவன் வீட்டுல தெரியும். அவங்க அப்பா அதுலேர்ந்து பேசுறதில்ல. எங்க அம்மாவுக்கு அவன் என் கூட்டாளி, அவ்வளவுதான். அம்மாகிட்ட சொல்ல எனக்கு வாய் வரலக்கா.”

பேச்சி தன் வீட்டில் சொன்ன நாளை நினைத்துக்கொண்டாள். சொல்லு என்றும் சொல்லாதே என்றும் அவனுக்கு அவளால் சொல்ல முடியவில்லை.

‘கேட்டுக்கு வெளியே’ என்று பெயர் வைத்த அந்த அரைமணி நேரப் படத்தை முத்துக்கரை சுயாதீனத் திரைப்பட விழாவுக்கு அனுப்பினார்கள். கடற்கரைச் சாலையில் இருந்த பழைய வணிகர் சங்கக் கட்டடத்தில் விழா. அதை நடத்தியவர் தேவபிரசாதம் சார், ஓய்வுபெற்ற கல்லூரிப் பேராசிரியர். நல்ல மனிதர். ஊருக்கு நல்ல சினிமா வர வேண்டும் என்று வீடு வீடாக நன்கொடைக்கு அலைபவர். இந்த வருடம் முதல்முறையாக, ஒருபால் ஈர்ப்புள்ளவர்கள், திருநங்கைகள் போன்றோரைப் பற்றிய பால்புதுமையர் படங்கள் என்று தனிப் பிரிவு வைத்திருந்தார். கொச்சியிலிருந்தும் பெங்களூரிலிருந்தும் இளைஞர்கள் படங்களோடு வந்திருந்தார்கள். விடுதியில் ஒரே அறையில் இருக்கும் இரண்டு நர்ஸுகளைப் பற்றிப் படம் எடுத்திருந்த பாளையங்கோட்டை ஜாஸ்லின், பேச்சியைப் பார்த்ததும் கட்டிக்கொண்டாள். “உங்க படத்தோட டிரெய்லரை எங்க ஹாஸ்டல்ல எல்லாரும் பாத்தோம்க்கா” என்றாள். டிரெய்லர் என்று ஒன்று இருப்பதே பேச்சிக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஆனால் அந்தப் பிரிவுக்குக் கொடுத்த இடம் மாடியில் இருந்த சின்ன அறை. நேரம், கடைசி நாள் காலையில் எல்லோரும் இட்லி சாப்பிடுகிற நேரம். கீழே பெரிய அரங்கில் அதே சமயத்தில் ஒரு பிரபல ஒளிப்பதிவாளரின் உரை. கூட்டம் அங்கே போய்விட்டது. மாடியில் நடுவர்களும், படம் எடுத்தவர்களும், வழிதவறி வந்த ஒரு தம்பதியும்தான். ஒருவர் படத்தை இன்னொருவர் பார்த்து, ஒருவருக்கொருவர் கை தட்டிக்கொண்டார்கள். மின்விசிறியின் சத்தத்தில் வசனம் பாதி கேட்கவில்லை.

படியிறங்கும்போது பேச்சி முகத்தைத் தொங்கப்போட்டிருந்தாள். ஜெஸ்டின் மட்டும் இலேசாக இருந்தான்.

“காலையில போட்டது ஒருவகையில நல்லதாப் போச்சுக்கா. அம்மா சாயங்காலம் பரிசு குடுக்கும்போதுதான் வாராங்க. படத்துக் கடைசியில பெனிஸ்டனுக்குன்னு போட்ட எழுத்தைப் பாக்க மாட்டாங்க.”

அந்த எழுத்து என்னவென்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் பெரிய அரங்கம் நிரம்பி வழிந்தது. புன்னைக்காயலிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்து இறங்கினார்கள். முன்னால் வந்தவள் ஜெஸ்டினின் அம்மா கிளாடிஸ். கடற்கரையில் மீன் ஏலம் விடுகிறவள். குரலும் நடையும் அதற்கேற்ற மாதிரி. மாதா திருவிழாவுக்குக் கட்டுகிற பட்டைக் கட்டியிருந்தாள். “எம் மவன் படம் எடுத்திருக்கான், துறைமுகத்தப் பத்தி” என்று வாசலில் நின்ற போலீஸ்காரரிடமே சொல்லிவிட்டுத்தான் உள்ளே வந்தாள். ஜெஸ்டினை இழுத்துப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டாள். பெனிஸ்டன் ஒலிபெருக்கிக்குப் பக்கத்தில் சுவரோரமாக நின்றுகொண்டான்.

பரிசுகள் ஒவ்வொன்றாக அறிவிக்கப்பட்டன. சிறந்த நடிகை, மதுரைப் படம் ஒன்றில் நடித்த சின்னப் பெண். பேச்சி விழாவின் முதல்நாள் அந்தப் படத்தைப் பார்த்து அழுதிருந்தாள். கை வலிக்கத் தட்டினாள்.

பிறகு தேவபிரசாதம் சார் தொண்டையைச் செருமினார்.

“இறுதியாக ஒரு புதிய விருது. சமூகம் ஒதுக்கி வைத்தவர்களையும் நாம் அரவணைக்க வேண்டும் என்ற பரிவோடு, ‘மூன்றாம் பாலினச் சிறப்புக் கேடயம்’ இந்த ஆண்டு அறிமுகமாகிறது. பெறுபவர், திருநங்கை பேச்சிச்செல்வி!”

கைதட்டல் பலமாக இருந்தது. யாரும் கிண்டலாகத் தட்டவில்லை. அதுதான் அவளைக் குழப்பியது. எழுந்து நடந்தாள். முத்துச்சிப்பி வடிவத்தில் பளபளவென்று கேடயம். பொன்னாடை ஒன்றைத் தோளில் போட்டார்கள். கேடயத்தை நீட்டினார்கள். அவள் கை கூப்பி நின்றாளே தவிர, வாங்கக் கை நீளவில்லை.

“சார், மைக்கக் கொஞ்சம் தாங்க.”

கொடுத்தார்கள்.

“எல்லாருக்கும் வணக்கம். எனக்கு மேடையில பேசிப் பழக்கமில்ல. ஒண்ணே ஒண்ணு கேக்கணும். சார், இது நான் நடிச்சதுக்கா, நான் திருநங்கைங்கிறதுக்கா?”

தேவபிரசாதம் சார் சிரித்தார். “ரெண்டுக்கும்தாம்மா.”

“திருநங்கையா இருக்கதுக்குப் பரிசு எதுக்கு சார்? அது நான் பாட்டுக்கு இருக்கேன். நடிச்சதுக்குன்னா, இப்பதான் ஒரு பிள்ளைக்குக் குடுத்தீங்க. அவ நடிச்சதை நானும் பாத்தேன். அவளுக்குக் குடுத்தது ரொம்பச் சரி. அவளுக்கு அடுத்தது நான்னா, அடுத்ததுன்னு சொல்லுங்க. பத்தாவதுன்னா பத்தாவதுன்னு சொல்லுங்க, சந்தோசமா வாங்கிக்கிடுதேன். எனக்குன்னு தனி வரிசை மட்டும் போடாதீங்க.”

அவள் குரலில் கோபம் இல்லை. அளவு ப்ளவுஸைக் கையில் வைத்துக்கொண்டு, ‘இது உங்க அளவு இல்ல’ என்று வாடிக்கையாளரிடம் சொல்வது போலத்தான் சொன்னாள். மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

“இங்கன இருக்கவங்கள்ல எங்க படத்தைப் பாத்தவங்க கை தூக்குங்க.”

அந்தப் பெரிய அரங்கில் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில கைகள் எழுந்தன. எழாத கைகளுக்கு உரியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“அப்ப எதைப் பாத்துக் கை தட்டுனீங்க?” என்றாள் பேச்சி. “சரி, இருக்கட்டும். எனக்குக் கேடயம் வேண்டாம். அதுக்குப் பதிலா நான் கேக்குறது என்னன்னா...”

அவள் கண் அப்போது ஜெஸ்டின் மேல் விழுந்தது. அவன் தோளில் கிளாடிஸின் கை கிடந்தது. நாக்கு நுனி வரை வந்த வார்த்தையைப் பேச்சி விழுங்கிக்கொண்டாள். படத்தை இங்கே போடுங்கள் என்று கேட்டால், கடைசி எழுத்து வரை ஓடும். அவன் வாயால் சொல்லாததைத் திரை சொல்லிவிடும், அதுவும் ஊர்க்காரர்கள் நடுவில். தனக்கு நியாயம் கேட்கப்போய் அவனை நடுத்தெருவில் நிறுத்த அவளுக்கு உரிமை இல்லை.

பேசிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்திவிட்டதால், மறந்துபோனாள் என்று நினைத்துச் சிலர் உற்சாகப்படுத்தக் கை தட்டினார்கள். அவள் தலையை ஆட்டிவிட்டு மைக்கைத் திருப்பிக் கொடுக்கப் போனாள்.

ஜெஸ்டின் எழுந்தான். ஒருமுறை சுவரோரம் நின்ற பெனிஸ்டனைப் பார்த்தான். பிறகு மேடையைப் பார்த்தான்.

“கேளுங்கக்கா” என்றான், அரங்கம் முழுக்கக் கேட்கும்படி. “நம்ம படம்தான? கேளுங்க.”

“நெசமாவாலே?”

“நெசமாத்தான்.”

பேச்சி மைக்கை மறுபடி வாயருகே கொண்டுபோனாள். “சார், எங்க படத்தை இப்ப இங்கனயே போடுங்க. பாத்துட்டு, பிடிக்கலன்னா பிடிக்கலன்னு சொல்லிட்டுப் போங்க.”

தேவபிரசாதம் சார் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். சிறப்பு விருந்தினரைப் பார்த்தார். என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை. மேடையில் ஓரமாக உட்கார்ந்திருந்த நடுவர் குழுத் தலைவி பெர்சி எழுந்து வந்தாள். மும்பையில் படத்தொகுப்பாளர், பூர்வீகம் சாத்தான்குளம்.

“போடுங்க சார். காலையில அந்த ஃபேன் சத்தத்துல நான் பாதிதான் கேட்டேன்” என்றாள்.

விளக்குகள் அணைந்தன. சிறப்பு விருந்தினரோடு சிலர் கிளம்பிப்போனார்கள். பெரும்பாலானவர்கள் இருந்தார்கள். பேச்சி மேடையிலிருந்து இறங்கி முதல் வரிசை ஓரத்தில் உட்கார்ந்தாள். தோளில் இருந்த பொன்னாடையை எடுத்து மடித்து மடியில் வைத்துக்கொண்டாள். அவள் முகம், அந்தத் தியேட்டரில் சிரிப்பை வாங்கித் தந்த அதே முகம், அரங்கத்தின் அகலத்துக்கு எழுந்து வந்தது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் மட்டும் சிரித்தார்கள். கடன் சொல்லும் லாரி டிரைவரின் இலையில் அமலி அப்பளத்தை மட்டும் வைக்காமல் போகிற இடத்தில் அரங்கமே குலுங்கியது. டக் படகுக்காரன் ஒருநாள் சாப்பிட வராதபோது, பின்னால் யாரோ “அடப்பாவி” என்றார்கள்.

படத்தின் கடைசிப் பகுதியில் டக் படகுக்காரனுடைய அம்மா கடைக்கு வருகிறாள். யாரென்று சொல்லாமல் ஒரு மூலையில் உட்கார்ந்து சாப்பாடு கேட்கிறாள். அவனுடைய அதே மூக்கையும் தாடையையும் பார்த்ததுமே அமலிக்குத் தெரிந்துவிடுகிறது. இலை போடுகிறாள். சோறு வைக்கிறாள். சீலா மீன் குழம்பு ஊற்றுகிறாள். அந்த அம்மாள் நிதானமாகச் சாப்பிடுகிறாள். அமலி கொஞ்சம் தள்ளி நின்று முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே இருக்கிறாள், கை எப்போதோ காய்ந்துபோன பிறகும். வெகுநேரம் கழித்து அந்த அம்மாள் நிமிர்ந்து பார்த்து, “குழம்பு இன்னும் கொஞ்சம் ஊத்து தாயி” என்கிறாள்.

அதோடு படம் முடிந்தது. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து வந்தது:

‘என் வீடாக இருக்கும் பெனிஸ்டனுக்கு. ஜெஸ்டின்.’

விளக்கு எரிந்தது. கைதட்டல் எழுந்தது. காலையில் மாடியில் இருந்தவர்கள், கொச்சிப் பையன்களும் ஜாஸ்லினும், நாற்காலியின் மேலேறி நின்று தட்டினார்கள். பேச்சி அதைக் கேட்டபடியே பின்னால் திரும்பி கிளாடிஸைப் பார்த்தாள். அரங்கத்தில் கை தட்டாமல் இருந்தவள் அவள் ஒருத்திதான்.

கைதட்டல் ஓய்ந்த இடைவெளியில் அந்த ஏலக்குரல் கேட்டது. தாழ்த்திப் பேசுவதாக அவள் நினைத்திருக்கலாம். அந்தக் குரலுக்குத் தாழப் பேசத் தெரியாது.

“பெனிஸ்டன்னா, உங்கூட வீட்டுல இருக்கானே, அந்த ஒசரமான பையனா?”

“ஆமாம்மா.”

“கூட்டாளின்னு சொன்ன.”

“ஆமா.”

“ஊரே படிச்சிட்டுது. ஊரோட ஊரா நானும் வந்து உக்காந்து படிச்சித் தெரிஞ்சிக்கிடணுமாலே? பெத்தவ தானே நான்? எங்கிட்ட மொதல்ல சொல்லியிருக்க வேண்டாமா?”

ஜெஸ்டினின் தோள்கள் குலுங்கின. கிளாடிஸ் அவனைச் சமாதானப்படுத்தவில்லை. சேலைத் தலைப்பால் தன் கண்ணைத்தான் துடைத்துக்கொண்டாள். பிறகு எழுந்து அரங்கத்தைச் சுற்றிலும் பார்த்தாள். சுவரோரம், சுருட்டிய வயரைக் கையில் வைத்துக்கொண்டு பெனிஸ்டன் நின்றிருந்தான். ஓடிவிடலாமா என்று யோசிப்பவன் போல.

“ஏலே, அங்கன எதுக்கு நிக்க? இங்க எடம் கெடக்குல்லா?” என்றாள் கிளாடிஸ். அன்பாகச் சொன்னாள் என்று சொல்ல முடியாது. பிந்தி வந்த படகுக்காரனை அதட்டுகிற மாதிரிதான் இருந்தது. அவன் வந்தான். வேனில் வந்த பெண்களில் ஒருத்தி எட்டிப் பார்த்து, “யாரு கிளாடிஸ் அது?” என்று கேட்டாள்.

“இப்ப எழுத்துல படிச்சியே, அவந்தான்” என்றாள் கிளாடிஸ். கேட்டவளின் கண்ணை நேராகப் பார்த்துச் சொன்னாள். அடுத்த கேள்வி வரவில்லை. பிறகு மகன் பக்கம் திரும்பி, “நாளைக்கு ரெண்டு பேரும் வீட்டுக்கு வாங்க. உங்கிட்ட நான் பேச வேண்டியது நெறையக் கெடக்கு. படம் நல்லாத்தான் எடுத்திருக்க” என்றாள்.

பேச்சி அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்சம் பொறாமை இருந்தது. அவள் அதை மறைத்துக்கொள்ளவில்லை. தனக்குக் கிடைக்காத ஒன்று இந்தப் பையனுக்குக் கிடைப்பதைக் கண்ணால் பார்த்தாகிவிட்டது. அதில் தன் பங்கும் இருக்கிறது என்று நினைத்தபோது முதுகு நிமிர்ந்தது.

தேவபிரசாதம் சார் அவளிடம் வந்தார். “பேரைத் தப்பா வச்சிட்டோம்மா. அடுத்த வருசம் அந்த விருதே இருக்காது. உங்க படமெல்லாம் கீழ பெரிய அரங்குலதான், எல்லாப் படத்தோடயும்” என்றார்.

“அது போதும் சார்” என்றாள் பேச்சி. அவர் மேல் அவளுக்கு வருத்தம் எதுவும் மிச்சமில்லை.

கூட்டம் கலைய மனமில்லாமல் நின்றதால், பெர்சி மைக்கை எடுத்து, யாருக்காவது கேள்வி இருக்கிறதா என்று கேட்டாள். பேச்சியையும் ஜெஸ்டினையும் மேடையில் உட்கார வைத்தார்கள். எந்தக் கேள்வி வரும் என்று பேச்சிக்குத் தெரியும். எப்போது வீட்டைவிட்டு வந்தீர்கள், ஆபரேஷன் செய்துகொண்டீர்களா, அப்பா அம்மா என்ன சொன்னார்கள். பேட்டி எடுக்க வந்த எல்லோரும் அவளிடம் அதைத்தான் கேட்டிருக்கிறார்கள்.

நடுவரிசையில் ஒருவர் எழுந்தார். துறைமுகத்துக் காக்கிச் சட்டை, நரைத்த மீசை.

“எம் பேரு இசக்கிராஜா. நான் டக்லதான் வேல பாக்கேன். அதனாலதான் இருந்து பாத்தேன். அம்மா, உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். அந்தப் பெரியம்மா சாப்பிடும்போது நீங்க கையத் துடைச்சிக்கிட்டே நிக்கீங்கல்லா? கை ஈரமே இல்ல, ஆனாலும் துடைக்கீங்க. எனக்கு அந்த எடத்துல என்னமோ பண்ணிட்டுது. அது டைரக்டர் சொல்லிக்குடுத்ததா, இல்ல நீங்களாச் செஞ்சதா?”

இப்படி ஒரு கேள்வியைப் பேச்சியிடம் இதுவரை யாரும் கேட்டதில்லை. ஜெஸ்டின் மைக்கை அவள் பக்கம் தள்ளினான்.

“நானாச் செஞ்சதுதான் அண்ணாச்சி” என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது. “தம்பி சும்மா நில்லுங்கன்னுதான் சொன்னான். ஆனா அமலியால சும்மா நிக்க முடியாதுல்லா? காலம் பூரா வேல செஞ்ச கை. பயம் வந்தா அந்தக் கைக்கு எங்க போகன்னு தெரியாது. அதான் முந்தானையைத் தேடிப் போயிருச்சி.”

இசக்கிராஜா புரிந்ததுபோலத் தலையாட்டிவிட்டு உட்கார்ந்தார். இன்னொரு மூலையில் ஒரு பெண் கை தூக்கினாள். அதற்குப் பின்னால் இன்னொரு கை. பேச்சி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, யார் முதலில் என்று பார்த்தாள்.